எட்டாங்கட்டையாரின் கல்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது என் தங்கை விட்டுப்போனது. அதுவும் என் பிள்ளைதான். எல்லாரையும் ஒரு ஒட்டுக்கடையை வைத்துத்தான் ஆளாக்கினேன். நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு, வடை, தே என்கிற தேநீர். கிள்ளானிலிருந்து பூச்சோங் பக்கம் போகும் மாநிலச் சாலையின் ஓரத்தில், எட்டாவது மைலில் கடை. ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது, எழுத்து மெதுவாகத்தான் வரும். நீங்களும் மெதுவாகவே படியுங்கள். அவசரக்காரர்களுக்கு நான் எழுதவில்லை.

இந்த நாட்டில் சாலை போட்டவர்கள் எத்தனையோ பேர். சாலையில் செத்தவர்களும் எத்தனையோ பேர். ஆனால் வருகிற சாலையைக் கை காட்டி நிறுத்தி, “கொஞ்சம் தள்ளிப் போ” என்று சொன்னவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவருடைய உண்மைப் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. அடையாள அட்டையில் இருக்குமோ என்னவோ. ஊருக்கு அவர் எட்டாங்கட்டையார்.

எங்கள் பக்கம் மைலுக்குக் கட்டை என்று சொல்வோம். சாலை போட்ட காலத்தில் ஊருக்கெல்லாம் பெயர் வைத்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? மைல்கல்லை நட்டார்கள், கல்லில் இருந்த எண்ணே ஊருக்குப் பெயராயிற்று. ஆறாங்கட்டையில் பெண் எடுத்து ஒன்பதாங்கட்டைக்குக் கொடுப்போம். பிறகு அரசாங்கம் மைலை எடுத்துவிட்டுக் கிலோமீட்டரைக் கொண்டு வந்தது. ரப்பர்க் காட்டை அழித்து வீடுகள் கட்டி, ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு தாமான் பெயரும் வைத்தார்கள். நாங்கள் எல்லாரும் மாறிக்கொண்டோம். அவர் மாறவில்லை.

“அண்ணே, இப்போ இது பதிமூணு கிலோமீட்டர் லா” என்று யாராவது சொன்னால் போதும்.

“நீ பதிமூணுலயே இருந்துக்க. நான் எட்டுல இருக்கேன். எனக்கு அஞ்சு மிச்சம்” என்பார்.

பேருந்துக் கதை எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு வந்த கண்டக்டர் புதுசு. எங்கள் நிறுத்தம் வந்ததும் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லிக் கூவினான். எட்டாங்கட்டையார் சன்னலோரத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“பெரியவரே, உங்க எடம் வந்துருச்சு, எறங்குங்க.”

“எது என் எடம்?”

“பள்ளிக்கூடம்.”

“பள்ளிக்கூடம் போற வயசாடா எனக்கு?”

பேருந்து பூச்சோங் வரைக்கும் போயிற்று. அங்கேயும் அவர் இறங்கவில்லை. திரும்பி வரும்போது அந்தக் கண்டக்டர் அரை மைலுக்கு முன்னாலிருந்தே கதவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, “எட்டாங்கட்டை, எட்டாங்கட்டை, எட்டாங்கட்டை” என்று ஏலம் போடுவதுபோலக் கத்திக்கொண்டு வந்தான். என் கடையில் தே குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஏதோ விபத்து என்று எழுந்து ஓடினார்கள். இவர் நிதானமாக இறங்கி, வேட்டியை உதறி, “இப்ப ஒழுங்கா தொழில் பண்றான்” என்றார்.

ஒருமுறை காய்ச்சல் வந்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். முகப்பில் இருந்த பெண் மலாயில் முகவரி கேட்டாள். இவர் “பத்து லாப்பான்” என்றார். மலாயில் பத்து என்றால் கல், லாப்பான் என்றால் எட்டு; எட்டாவது மைல்கல் என்று அர்த்தம். வீட்டு எண், தாமான் பெயர் எல்லாம் வேண்டும் என்றாள் அவள்.

“தாமான் எனக்குப் பொறகு பொறந்தது. அதோட பேரை நான் எதுக்குச் சொல்லணும்? அதுகிட்ட போய் என் பேரைக் கேளு, சொல்லும்.”

உடம்பு அனலாய்க் கொதிக்கிறது, நிற்கக் கால் இல்லை, பேச்சு மட்டும் இறங்கவில்லை. அவருக்குத் தெரியாமல் நான்தான் முகவரியைச் சொன்னேன். தெரிந்திருந்தால் மருந்தைத் தொட்டிருக்க மாட்டார்.

என் இரண்டாவது மகளின் கல்யாணம் தலைநகரில், பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்தது. வெள்ளைச் சட்டையும் புது வேட்டியுமாகப் புறப்பட்டு வந்தவர் மண்டபத்துக்கு வந்து சேரவே இல்லை. நிலையத்தில் இறங்கி, எதிரில் வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, “தம்பி, இது எத்தனையாங்கட்டை?” என்று கேட்டிருக்கிறார். ஒருவன் வங்கியைக் காட்டினான். ஒருவன் கோயிலைக் காட்டினான். ஒருவன் கைப்பேசியையே நீட்டினான். எட்டாங்கட்டையார் அடுத்த ரயிலில் திரும்பிவிட்டார். மறுநாள் என் கடைக்கு வந்து மொய்க் கவரை நீட்டியபடி, “எத்தனாவது மைல்ல நிக்கிறோம்னு தெரியாத ஊருல எப்படித் தங்கச்சி துணிஞ்சு கல்யாணம் பண்றீங்க?” என்று கேட்டார்.

அவருக்குச் சொந்தமாக வண்டி வாகனம் கிடையாது. சொத்து என்று சொன்னால் சாலையின் சரித்திரம் ஒன்றுதான். பேருந்துக்குக் காத்திருக்கும் யாரும் அதிலிருந்து தப்ப முடியாது.

“மொதல்ல இது ரோடே இல்ல. ரப்பர் மரத்துக் கித்தா பால் ஏத்திக்கிட்டு மாட்டு வண்டி போன தடம். அங்கிட்டெல்லாம் சொதசொதன்னு சதுப்பு, அன்னாசிக் காடு. சக்கரம் பொதைஞ்ச எடத்துல கல்லைக் கொட்டுவாங்க. மறுபடியும் பொதையும், மறுபடியும் கொட்டுவாங்க. கொட்டிக் கொட்டி கல்லுக்கே அலுத்துப் போயி, சரி ரோடா இருந்துட்டுப் போறேன்னு படுத்துக்கிச்சு. கிள்ளான் ஆத்துப் பாலத்துல இருந்து மைல் எண்ணினாங்க. கம்போங் ஜாவா தாண்டி நேரா வருதுல்ல ரோடு? ஆறாங்கட்டையில மட்டும் ஏன் வளையுது, சொல்லு பாப்போம்.”

யாருக்குத் தெரியும்? பேருந்து வரவில்லையே என்று எட்டிப் பார்ப்பார்கள்.

“அங்க வெள்ளைக்காரத் தொரை பங்களா. தொரையம்மா டென்னிஸ் ஆடுற தெடலு நட்ட நடுவுல. தெடலை வெட்டக் கூடாதுன்னா அந்தம்மா. ரோடு சுத்திக்கிட்டுப் போச்சு. தொரை போயாச்சு, பங்களா போயாச்சு, தெடலும் போயாச்சு. போர்ட் கிள்ளான்ல இருந்து கொள்கலன் ஏத்தி வர்ற லோரி அத்தனையும் இன்னிக்கும் அந்தம்மா அடிச்ச பந்துக்குப் பயந்துக்கிட்டு வளைஞ்சு போவுது.”

இதெல்லாம் உண்மையா என்று என்னைக் கேட்காதீர்கள். ஆறாங்கட்டையில் சாலை வளைகிறது. அது உண்மை.

என் கடைக்கு முன்னால், சாலையோரப் புல்லில், எட்டாவது மைல்கல் நின்றது. மற்ற கற்களெல்லாம் எப்போதோ உடைந்தும் புதைந்தும் போய்விட்டன. இதை மட்டும் அவர் காத்து வைத்திருந்தார். காலையில் தேங்காய் நார், சவர்க்காரம், ஒரு வாளித் தண்ணீரோடு வந்து குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலத் தேய்ப்பார்.

அதற்குக் காரணம் இருந்தது. அவருடைய அம்மா அஞ்சலை சாலைக் கூலி. கூடையில் கல் சுமந்து, தார் ஊற்றி, வெயிலில் வெந்தவள். அந்த எட்டாவது கல்லுக்குக் குழி தோண்டி நட்டது அவள்தான். இவர் அப்போது கைக்குழந்தை, மரத்தில் கட்டிய ஏணையில் கிடந்தாராம். அவளுக்கு ஒரு புகைப்படம்கூட இல்லை. அவளைப் புதைத்த தோட்டத்து இடுகாட்டின்மேல் இப்போது தாமான் வீடுகள் நிற்கின்றன. அம்மாவின் கை பட்டது என்று இந்த உலகத்தில் அவர் தொட்டுக் காட்ட முடிந்தது அந்தக் கல் ஒன்றைத்தான்.

இப்படி இருக்கும்போது ஒரு மழை நாளில் ஒரு லோரி சறுக்கி வந்து, கல்லுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. பிழைத்த டிரைவர் கல்லுக்கு முன்னால் தேங்காய் உடைத்துவிட்டுப் போனான். அதோடு விட்டிருக்கலாம். என் கடைக்குப் பக்கத்தில் டயர்க்கடை வைத்திருந்தவர், எல்லாரும் டயர் முதலாளி என்று கூப்பிடும் ஆசாமி, அந்த லோரியின் எண்ணை அப்படியே லாட்டரியில் நம்பர் எடுத்தார். நம்பர் அடித்துவிட்டது.

அவ்வளவுதான். கல்லுக்கு மஞ்சள், குங்குமம், எலுமிச்சை, சுருட்டு. சூலம் ஒன்று வந்து நின்றது. டயர் முதலாளி தன்னைத் தலைவராகப் போட்டு ஒரு கமிட்டி அமைத்தார். கூரை போடத் தகரம்கூட வாங்கி அடுக்கினார். தூரத்துச் செலாயாங்கிலிருந்தெல்லாம் நம்பர் கேட்க ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களிடம், “சுயம்புங்க. தானா பூமியிலேருந்து மொளைச்சது” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் சொல்தான் எட்டாங்கட்டையாருக்குப் பொறுக்கவில்லை.

“தானா மொளைச்சுதா? கடப்பாரை பிடிச்சு எங்கம்மா தோண்டின குழிடா அது. உள்ளங்கை கிழிஞ்சு தோண்டியிருக்கா. அவளைத் தொடைச்சுப்புட்டு சுயம்புங்கிறியா?”

“அண்ணே, நல்லதுக்குத்தானே சொல்றேன். சாமியாயிட்டா ஒருத்தரும் கை வைக்க மாட்டாங்க.”

“எனக்குச் சாமி வேணும்னா கோயிலுக்குப் போறேன். இது கல்லு. கல்லாத்தான் இருக்கும்.”

காலையில் இவர் மஞ்சளைக் கழுவுவார். மாலையில் அவர் மஞ்சளைப் பூசுவார். காலையில் அது மைல்கல், மாலையில் அது சுயம்பு. இரண்டு பேருமே என் கடையில்தான் தே குடித்தார்கள். சாமி குற்றம் ஆகும் என்று பெண்கள் எட்டாங்கட்டையாரைத் திட்டினார்கள். “குத்தம் வந்தா என் வீட்டுக்கு வரட்டும். எட்டாங்கட்டைன்னு கேட்டா யாரும் வழி சொல்லுவாங்க” என்றார்.

பிறகு சாலையை அகலப்படுத்த வந்தார்கள். அளப்பவர்கள் வந்தார்கள், போனார்கள். ஒருநாள் பார்த்தால் கல்லின் தலையில் சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி. அதன் வழியாகத்தான் புது லோங்காங் போகிறதாம், மழைத் தண்ணீர் ஓடும் வாய்க்கால்.

மண்வாரி இயந்திரம் வந்த காலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சாலை வேலைக் குத்தகைக்காரரின் மேற்பார்வையாளர் மலாய்க்காரர், மரியாதையான மனிதர். நாங்கள் அபாங், அதாவது அண்ணன், என்று கூப்பிடுவோம். மெஷின் ஓட்டுகிறவர் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர், பெரிய மீசை. அவர் மெஷினை விட்டு இறங்கி, காலணியைக் கழற்றி, கல்லைக் கும்பிட்டு, கற்பூரம் ஏற்றி, திருநீறு பூசிக்கொண்டு திரும்ப ஏறி உட்கார்ந்தார். முந்தின நாள் மாலை டயர் முதலாளி பூசிய மஞ்சள் அப்படியே இருந்தது. எட்டாங்கட்டையார் வாளியோடு அப்போதுதான் வந்து சேர்ந்தார்.

அபாங் எல்லாருக்கும் கேட்கும்படி மலாயில் விளக்கிச் சொன்னார். கோயில் என்றால் வேறு வழிமுறை. மேலே எழுதி, பேசி, பூசை செய்து, வேறிடத்தில் வைக்க வேண்டும். அதுவரை தொட மாட்டார். வெறும் கல் என்றால் இன்றைக்கே எடுத்துவிட வேண்டும். பிறகு எட்டாங்கட்டையாரிடம், “பாக்சிக், பெரியவரே, நீங்களே சொல்லுங்க. இது சாமியா, கல்லா?”

ஊரே எட்டாங்கட்டையாரைப் பார்த்தது. டயர் முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார்.

“அண்ணே, ஒரே ஒரு வார்த்தை. சாமின்னு சொல்லிருங்க. வேற எடத்துல வச்சு நானே கும்பாபிஷேகம் பண்றேன்.”

“வேற எடத்துலயா? எட்டாவது மைலுன்னு எழுதின கல்லை ஏழரையில வச்சா அது பொய்க்கல்லுடா. எங்கம்மா பொய்க்கல்லு நடல.”

“சரி, எடத்தை அப்புறம் பேசுவோம். இப்ப சாமின்னாவது சொல்லுங்க.”

எட்டாங்கட்டையார் வாளியைக் கீழே வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். மஞ்சளும் குங்குமமுமாக இருந்த அந்தக் கல்லின்மேல் போய்ச் சப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

 ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாமிமேல் உட்கார்ந்த மனிதரை அதுவரைக்கும் நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

“பாத்துக்கங்க. சாமியா இருந்தா இந்நேரம் என்னைத் தூக்கி எறிஞ்சிருக்கும். கல்லு. ஆனா எங்கம்மா வச்ச கல்லு. எடுக்கணும்னா என்னையும் சேத்து எடு.”

மீசைக்காரர் மெஷினை அணைத்தார். “அய்யா, சாமின்னா நான் தொட மாட்டேன். சாமி மேல குந்தியிருக்கிற மனுசனைச் சத்தியமாத் தொட மாட்டேன். வேற ஆளைப் பாருங்க” என்று இறங்கி வந்து என்னிடம் தே கேட்டார்.

சாமிக்காக வந்த கூட்டம் கோபத்தில் கலைந்தது. டயர் முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு டயர்களுக்குப் பின்னால் போய்விட்டார். எட்டாங்கட்டையார் தனியாக, வெயிலில், கல்மேல் இருந்தார். அபாங் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். சாலை நேராகத்தான் போக வேண்டும், பாக்சிக், வளைக்க முடியாது என்றார்.

“ஆறாங்கட்டையில வளைஞ்சுதே. ஒரு டென்னிஸ் பந்துக்கு வளைஞ்ச ரோடு, கல்லு சொமந்தவளுக்கு வளையாதா?”

அபாங் அளவு நாடாவை எடுத்து அங்கும் இங்கும் பிடித்துப் பார்த்தார். சாலையை வளைக்க வேண்டாம், லோங்காங்கை மட்டும் கல்லுக்குப் பின்பக்கமாக வளைத்துக் கொண்டு போகலாம். அதற்கு இரண்டடி இடம் வேண்டும் என்றார். சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கல்லுக்குப் பின்னால் இரண்டடி என்றால் அது என் கடை. முன் தூண், அடுப்பு, வடை போடும் மேசை.

அந்த இடத்தைப் பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டும். லைசன்சுக்காக நான் ஏறாத படி இல்லை. ஓரங்குலம் உள்ளே டயரை உருட்டினான் என்று டயர் முதலாளியோடு நான்கு மாதம் பேசாமல் இருந்தவள் நான். என் இடத்தை யாரும் கேட்டு வாங்கியதில்லை. கேட்கவும் பயப்படுவார்கள். அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை. அபாங் நாடாவைச் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

அப்போது எட்டாங்கட்டையார் கல்லைவிட்டு எழுந்துவிட்டார்.

பேருந்துக்கு எழாதவர், கூட்டத்துக்கு எழாதவர், மெஷினுக்கு எழாதவர், தானாக எழுந்து நின்றார். 

“தங்கச்சி கடையில கை வைக்காதீங்க. அஞ்சு பிள்ளைக்குச் சோறு போட்ட அடுப்பு அது. கல்லை எடுத்துக்கங்க.”

சொல்லிவிட்டு வாளியை எடுக்கக் குனிந்தார். எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ.

“உக்காருங்கண்ணே.”

“இல்ல தங்கச்சி...”

“உக்காருங்கன்னு சொல்றேன்ல. என் கடையை எங்க வெட்டுறது, வெட்டாம விடுறதுன்னு நான் சொல்லுவேன். அதைச் சொல்ல நீங்க யாரு?”

தேங்காய் வெட்டும் பாராங் கத்தியை எடுத்தேன். முன் தூணில் என் கையாலேயே முதல் வெட்டைப் போட்டேன். நல்ல மரம், லேசில் அசையவில்லை. மூன்றாவது வெட்டில் மீசைக்காரர் தே கிளாசை வைத்துவிட்டு ஓடி வந்து, “அம்மா, குடுங்க, நான் பண்றேன்” என்று கத்தியை வாங்கிக்கொண்டார். எட்டாங்கட்டையார் திரும்பவும் கல்மேல் உட்கார்ந்தார். எங்கள் பக்கம் திரும்பவில்லை. சாலையையே பார்த்துக்கொண்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு வெயில் அதிகம்தான். ஆனால் அவ்வளவு வேர்க்காது.

இன்றைக்கும் நீங்கள் அந்தப் பக்கம் போனால் பார்க்கலாம். ஆறாங்கட்டை வளைவைத் தாண்டிக் கயிறு பிடித்ததுபோல் நேராக வரும் லோங்காங், என் கடை வாசலில் மட்டும் முழங்கையை மடக்கியதுபோல் ஒரு வளைவு வளைந்து, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் நேராகப் போகும். மழைக்காலத்தில் அந்த வளைவில் குப்பை அடைத்துக்கொள்ளும். சுத்தம் செய்ய வருகிறவர்கள் எங்கள் இரண்டு பேரையும் திட்டிக்கொண்டேதான் அள்ளுவார்கள். திட்டட்டும். டயர் முதலாளி ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டு, கோயிலுக்கென்று வாங்கிய தகரத்தைக் கொண்டுவந்து என் கடைக்குப் புதுக் கூரை போட்டுக் கொடுத்தார். “என்னப்பா இது?” என்றேன். “காணிக்கைதான்க்கா. எங்கயாவது செலுத்தணும்ல” என்றார். கடை சின்னதாகிவிட்டது. வடை போடும்போது முழங்காலில் அனல் அடிக்கிறது. கடையை இப்போது பார்த்துக்கொள்ளும் என் மருமகள் அதற்காக என்னைக் கோபித்துக்கொள்வாள். கோபித்துக்கொள்ளட்டும். இரண்டடி நிலம் கொடுத்து ஒரு மாநிலச் சாலையை வளைத்தவள் அவள் மாமியார்.

எட்டாங்கட்டையார் சாலைப் பக்கம் வந்து ஒரு வருடம் ஆகப் போகிறது. இடுப்பு விட்டுப்போயிற்று. கட்டிலோடு கிடக்கிறார். யார் போனாலும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார். சாப்பிடுங்கள் என்றால் அசைய மாட்டார். வாக்குவாதம் என்றால் மட்டும் எழுந்து உட்காருகிறார். கிள்ளானில் எந்தப் பாலம் முதலில் கட்டியது என்று போன வாரம் நான் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து அரை மணி நேரம் என்னைத் திட்டினார். திட்டி முடித்து ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தார்.

கவிதா, இங்கே வா. பாட்டி எழுதினதை முதலிலிருந்து உரக்கப் படி, கேட்போம். நாளைக்கு இதை அவர் வீட்டில் படிக்கப் போகிறோம். சாலையைப் பற்றி எங்கேயாவது பிசகாக எழுதியிருந்தால் திருத்திவிடாதே கண்ணு, அப்படியே இருக்கட்டும். அவர் எழுந்து உட்காரட்டும்.